கழற்றிப் பார்த்த மனிதர்

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதிக் கொடு என்று நம் பேரவைச் செயலாளர் கேட்ட அன்று, என் வீட்டு மேசை மேல் ஒரு பழைய வீடியோ டெக் மூடி கழற்றிய நிலையில் கிடந்தது. நாலு நாளாய் அதோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். யாரைப் பற்றி எழுதுவது என்று யோசித்தபோது என் கண் அந்த டெக்கை விட்டு நகரவில்லை. பொருளைக் கழற்றிப் பார்த்தே பெரிய ஆளான ஒருவர் நம் தமிழ்நாட்டிலேயே இருந்தாரே என்று அப்போதுதான் தோன்றியது. அவர்தான் கோவை ஜி.டி. நாயுடு. ஆகவே இந்தக் கட்டுரையில் நாயுடுவும் வருவார், என் டெக்கும் வரும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

நான் படவேட்டுக்காரன். ஜவ்வாது மலை அடிவாரம். ஆடி மாதம் வெள்ளிக்கிழமை வந்தால் ரேணுகாம்பாள் கோயில் கூட்டத்தில் எங்கள் ஊரே தெரியாது. மற்ற நாளில் வாழைத் தோப்பும் கமண்டல நாக நதியும்தான். அப்பா அங்கே சின்னதாய் ஒரு ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். 1990-களில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் டி.வி.யும் டெக்கும் வாடகைக்குப் போகுமாம். சைக்கிள் கேரியரில் டி.வி.யைக் கட்டி, டெக்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் போவாராம். விடிய விடிய மூணு படம் ஓடும். அந்த டெக்குகளில் மிஞ்சியது ஒன்றே ஒன்று. பரண் மேல் தூசி தின்று கொண்டிருந்தது.

போன வருடம் எங்கள் ஆயா, அதாவது அம்மாவைப் பெற்றவர், காலமானார். ஆயாவுக்கு என்று இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரு போட்டோதான். ஆனால் 1997-ல் நடந்த அப்பா அம்மா கல்யாணக் கேசட்டில் ஆயா நலங்குப் பாட்டுப் பாடுவது இருக்கிறது என்று அம்மா சொன்னார். அந்தக் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றார். கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் ஒரு கடையில் கொடுத்தோம். பூஞ்சை பிடித்திருக்கிறது, ஓடாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை. கேசட்டைப் புடவைக்கு நடுவில் வைத்துப் பீரோவைப் பூட்டிவிட்டார்.

அப்பாவிடம் கேட்டேன். பார்ட்ஸ் வராதுடா, வேலைக்கு ஆகாது என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். கடைசி வரை வி.சி.ஆர். செய்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. வாங்குவோர் குறைந்ததோடு, உள்ளே போடும் பாகங்கள் கிடைக்காததும் ஒரு காரணம். செய்கிற கம்பெனிக்கே பார்ட்ஸ் இல்லையென்றால் படவேட்டுக்கு எங்கே வரப் போகிறது?

அந்த நிலையில்தான் பரண் மேல் இருந்த டெக்கை இறக்கினேன். பக்கத்தில் நாயுடுவின் வாழ்க்கையைப் பற்றிய குறிப்புகளையும் வைத்துக் கொண்டேன்.

பள்ளிக்குப் பிடிக்காத பிள்ளை

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ஆம் தேதி கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்து வரவில்லை. வாத்தியார் முகத்தில் மண்ணை வீசிவிட்டு ஓடியவர் என்று ஒரு கதையே சொல்வார்கள். ஆரம்பப் படிப்போடு பள்ளிக்கும் அவருக்கும் உறவு முடிந்தது. ஆனால் தானாகவே எழுத்துக் கூட்டிப் படித்துப் புத்தகப் பழக்கத்தை உண்டாக்கிக் கொண்டார்.

வாலிபத்தில் ஒரு நாள் வெள்ளைக்கார வருவாய் அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுகிறது! ஊர் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது. நாயுடுவுக்கு மட்டும் இது எப்படி ஓடுகிறது என்ற கேள்வி மனத்தில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. கோவைக்குப் போனார். ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். வருடக்கணக்கில் காசு சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கினார். விலை 300 ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்தில் அது ஒரு ஏழைக் குடும்பம் கனவில் மட்டும் காணும் பணம்.

வாங்கி என்ன செய்தார்? நம்மில் ஒருவனாய் இருந்தால் ஊரைச் சுற்றி மூணு ரவுண்டு அடித்திருப்போம். அவர் வண்டியை மொத்தமாய்க் கழற்றிப் போட்டார். ஒவ்வொரு பாகமாய் எடுத்துப் பார்த்து, எது எதைத் தள்ளுகிறது, எது எதைச் சுற்றுகிறது என்று புரிந்துகொண்டு, திரும்பவும் பூட்டினார். சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. டயகிராம் இல்லை. அவருடைய முதல் ஒர்க்‌ஷாப் வகுப்பு அதுதான். வாத்தியாரும் அவரே, மாணவனும் அவரே!

மூடியைத் திறப்பதற்கு முன்

இந்த இடத்தில் என் டெக்குக்கு வருகிறேன். கழற்றுவது என்றால் கண்டபடி ஸ்க்ரூ டிரைவரைப் போடுவது அல்ல. எங்கள் லேப் சார் சொல்லிக் கொடுத்த முறை இதுதான்: முதலில் வெளியே இருப்பதைப் பார், பிறகு உள்ளே போ.

கரண்ட் வருகிறதா, பிளக் சரியா, பியூஸ் போயிருக்கிறதா என்று பார்த்தேன். சரியாகவே இருந்தன. மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் மலைக் குளிர் இறங்கும். அப்போது டிரம் மேல் ஈரம் படியும். ஈரத்தில் டேப் ஒட்டிக்கொண்டால் கேசட் போச்சு. அதனால் இரண்டு மணி நேரம் அறைச் சூட்டில் வைத்த பிறகே கரண்ட் கொடுத்தேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளை பக்கத்துப் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் தங்கியிருக்கும். உள்ளே கை வைக்கிறவர்கள் அதை மறக்கக் கூடாது. ஷாக் அடித்தால் டெக்கை விட நமக்குத்தான் பார்ட்ஸ் கிடைக்காது!

கல்யாணக் கேசட்டை நான் தொடவே இல்லை. போனால் போகட்டும் என்று ஒரு பழைய சினிமா கேசட்டைப் போட்டேன். கேசட் உள்ளே போனது. டேப்பை இழுத்து டிரம்மைச் சுற்றியது. மூணு நாலு செகண்ட் ஓடியது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாய்ப் பனி பெய்தது. உடனே டெக் தானாக நின்றுவிட்டது. வெளியே எடுத்தால் டேப் குடல் சரிந்த மாதிரி தொங்கியது.

இரண்டு கோளாறு என்று புரிந்தது. புள்ளி விழுவது ஹெட் அழுக்கு. ஒரு துண்டு மெல்லிய தோலை ஸ்பிரிட்டில் நனைத்து, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, டிரம்மை மட்டும் கையால் மெதுவாகத் திருப்பினேன். மேலும் கீழுமாய்த் தேய்த்தால் ஹெட் முனை உடைந்துவிடும். அது உடைந்தால் அந்த டெக் எடைக்குத்தான். தோல் கறுப்பாய் வந்தது. படம் தெளிந்தது. ஆனால் தானாக நிற்கும் கோளாறு அப்படியே இருந்தது.

விழுந்து எழுந்த கதை

நாயுடுவுக்கும் முதல் முயற்சியிலேயே எல்லாம் சரியாக வரவில்லை. மோட்டார் சைக்கிளைப் பூட்டியதும் சில காலம் மெக்கானிக் வேலை பார்த்தார். பிறகு முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைவை ஆலைத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். கையில் பணம் சேர்ந்தவுடன் பம்பாய்க்குப் போய்ப் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். பெரிய முதலைகளோடு மோத முடியவில்லை. சம்பாதித்தது அத்தனையும் போயிற்று. வெறுங்கையோடு கோவை திரும்பினார்.

அங்கே ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் அவருடைய கைவேலையைப் பார்த்து உதவினார். அந்த உதவியோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஒரு பஸ் பல பஸ்ஸாயிற்று. யு.எம்.எஸ். என்ற பெயரில் நேரம் தவறாமல் ஓடும் பஸ் கம்பெனியாக வளர்ந்தது.

இதில் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். அப்போது என்ஜினும் அதன் பாகமும் கடல் கடந்து வர வேண்டும். ஒரு பாகம் உடைந்து, அது கப்பலில் வரும் வரை பஸ் நின்றால், கம்பெனி எப்படி நேரம் தவறாமல் ஓடும்? பஸ் நடத்துகிறவன் ஒர்க்‌ஷாப் நடத்தியே ஆக வேண்டும். கழற்றத் தெரிந்தவர், மாற்றுப் பாகம் செய்யவும் தெரிந்தவராக ஆக வேண்டிய கட்டாயம் அந்தச் சாலையில்தான் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம்.

ரப்பர் செய்த சதி

டெக் ஏன் தானாக நிற்கிறது? மூடி இல்லாமல் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். டேப்பைச் சுற்றி எடுக்க வேண்டிய வலது பக்கச் சக்கரம் திரும்பவே இல்லை. மோட்டார் ஓடுகிறது. நடுவில் இருக்கும் ஐட்லர் என்ற சின்னச் சக்கரம் வழுக்குகிறது. அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் டயர் இருபது இருபத்தைந்து வருடத்தில் காய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆகிவிட்டது. பிடிப்பு இல்லை. சக்கரம் சுற்றவில்லை என்று சென்சார் சொல்கிறது. டேப் சிக்கிவிடுமே என்று டெக் தானே நின்றுவிடுகிறது. அதாவது டெக் கெட்டுப் போகவில்லை. அது புத்திசாலித்தனமாய்த் தன்னைக் காப்பாற்றிக் கொள்கிறது!

டயரை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அரை மணி ஓடியது, மறுபடி வழுக்கியது. கழற்றி உள்பக்கத்தை வெளிப்பக்கமாய்த் திருப்பிப் போட்டேன். இது பழைய மெக்கானிக்குகளின் வித்தை. ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு விரிசல் விட்டு அறுந்தே போயிற்று. கல்யாணக் கேசட்டோ மூணு மணி நேரம். வேலூரில் தெரிந்த கடைகளில் எல்லாம் கேட்டேன். டெக் பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். அப்பா சொன்னது சரிதான், மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று அன்று இரவு நினைத்தேன்.

கோவையில் சுற்றிய மோட்டார்

1930-களில் பஸ் முதலாளியாகப் பேர் வாங்கிய பிறகும் நாயுடு சும்மா உட்காரவில்லை. ஐரோப்பா போனார். தொழிற்சாலைகளைப் பார்த்தார். கேமரா மேல் அவருக்குத் தீராத ஆசை. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தானே படச்சுருளில் பிடித்தார். காந்தியடிகள், நேரு, சுபாஷ் சந்திர போஸ் ஆகியோரையும் படம் எடுத்தார். நம் வீட்டுக் கல்யாண வீடியோக்களுக்கு எல்லாம் மூத்த அண்ணன் அந்தக் கைக்கேமராதான். படம் பிடித்ததோடு நின்றாரா? அதுவும் இல்லை. சினிமா கேமராவுக்குத் தூரத்தைச் சரிசெய்யும் கருவி ஒன்றையும் உருவாக்கினார்.

அவர் செய்த பொருள்களின் பட்டியல் நீளம். பேட்டரியில் ஓடும் ரேசண்ட் என்ற சவரக் கருவி, மிக மெல்லிய சவர பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, கள்ள ஓட்டுப் போட முடியாத வாக்குப் பதிவு இயந்திரம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலைக்கு உருவாக்கிக் காட்டினார். ஆனால் அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கார் தொழிற்சாலை வாசலோடு நின்று போயிற்று.

இவ்வளவையும் விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது 1937. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1932-ல், பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியிருந்தது. கோவைப் பக்கம் கரண்ட் வந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, கம்பியில் கரண்ட் இருக்கிறது, நடுவில் வேண்டியது மோட்டார். அதற்கு வெளிநாட்டைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 1937-ல் பீளமேட்டில் நாயுடுவின் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில் உள்நாட்டு மின் மோட்டார் உருவாயிற்று. இந்தியாவிலேயே செய்த முதல் மின் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். அந்த வேலையில் டி. பாலசுந்தரம் நாயுடுவின் பங்கு பெரியது. பிறகு கோவை முழுக்க மோட்டார், பம்ப் செய்யும் பட்டறைகள் பெருகின. இன்றைக்கும் தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பம்ப்செட் கடைக்குப் போனாலும் கோவைப் பெயரைப் பார்க்கலாம்.

பம்ப்செட் கடையில் கிடைத்த பதில்

இந்த வரியைக் குறிப்பில் படித்துக் கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எங்கள் ஊர் வாழைக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப்செட்டில் ஓ ரிங் இருக்கிறதே! அதுவும் வட்டமான ரப்பர்தானே!

லேபில் பழகிய வெர்னியரால் பழைய ஐட்லரின் விட்டத்தையும், அறுந்த டயரின் கனத்தையும் அளந்து துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டேன். மறுநாள் போளூரில் ஒரு பம்ப்செட் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். என்ன மோட்டார் தம்பி என்று கேட்டார் கடைக்கார அண்ணன். வீடியோ டெக்குண்ணே என்றேன். ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் ஓ ரிங் டப்பாவை அப்படியே என் முன்னால் கவிழ்த்து, பொறுக்கிக்கோ என்றார். இரண்டு அளவில் நாலு எடுத்தேன். டீக்காசை விடக் குறைவாகத்தான் ஆயிற்று.

முதலில் போட்டது கொஞ்சம் கனம். சக்கரம் இறுகிப் போய் மோட்டார் முனகியது. இரண்டாவது அளவு, சக்கரத்தை விடச் சற்றே சின்ன வட்டம், இழுத்து மாட்டியதும் கவ்வி உட்கார்ந்தது. சினிமா கேசட்டைப் போட்டேன். பத்து நிமிஷம். அரை மணி. ஒரு மணி. மூணு மணி நேரம் நிற்காமல் ஓடியது. அப்பா கடைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தன் நல்ல ஸ்க்ரூ டிரைவர் செட்டை எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அடுத்தது கேசட். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு வெளித் திண்ணையில் உட்கார்ந்தேன். கேசட் அடியில் இருக்கும் ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றினேன். டேப் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை மாவு மாதிரி படிந்திருந்தது. மெல்லிய உலர்ந்த துணியால், இழுக்காமல், கையாலேயே சுற்றிச் சுற்றி இரண்டு நாள் துடைத்தேன். பழைய பெட்டியில் பூஞ்சை ஒட்டியிருந்ததால், ஒரு நல்ல கேசட்டின் பெட்டியைக் காலி செய்து அதில் இந்த டேப்பை மாற்றிப் போட்டேன்.

பாலிடெக்னிக்கும் நாயுடுவும்

டேப் ஓடிய கதைக்கு முன், நமக்கு மிக நெருக்கமான ஒரு பகுதியைச் சொல்லிவிடுகிறேன். 1944-ல் நாயுடு மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, தொழில் கல்வியில் கவனம் வைத்தார். அவரது முயற்சியாலும் நன்கொடையாலும் 1945-ல் கோவையில், அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பள்ளியைப் பாதியில் விட்டவர் அதன் முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

ஆனால் அந்த நாற்காலியில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. நாலு வருடப் படிப்பு வீண், கை வேலையோடு சொல்லிக் கொடுத்தால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

இதில் நான் நாயுடுவோடு முழுக்க ஒத்துப் போக மாட்டேன் நண்பர்களே. கழற்றினால் மட்டும் எல்லாம் புரிந்துவிடாது. டிரம் நிமிடத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றுகிறது, அரை அங்குல டேப்பில் படம் சாய்ந்த கோடுகளாய்ப் பதிந்திருக்கிறது என்று நம் சார் போர்டில் வரைந்து காட்டாவிட்டால், ஹெட்டை நானும் மேலும் கீழும் தேய்த்து உடைத்திருப்பேன். வகுப்பும் வேண்டும். ஆனால் வகுப்பில் படித்ததை ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்க்காமல் டிப்ளமோ வாங்கிக் கொண்டு போகிறோமே, அந்த இடத்தில் நாயுடு சொல்வது நம் கன்னத்தில் அறைகிற மாதிரி இருக்கிறது. ரெக்கார்டு நோட்டை நண்பனைப் பார்த்து எழுதும் எல்லாருக்கும் இது பொருந்தும். எழுதுகிற எனக்கும் சேர்த்துத்தான்!

ஆயா பாடினார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை. டெக்கின் மஞ்சள், வெள்ளை பின்களை ஒரு சின்ன யு.எஸ்.பி. கருவி வழியாக கம்ப்யூட்டரில் செருகினேன். முதல் ஓட்டத்திலேயே பதிந்துவிட வேண்டும், இரண்டாம் ஓட்டத்தை டேப் தாங்குமோ என்னவோ. பட்டனை அழுத்தும்போது என் கை நடுங்கியது.

வாழை மரம் கட்டிய பந்தல் வந்தது. சீரியல் செட் வந்தது. மீசை வைத்த ஒல்லியான அப்பா வந்தார், எல்லாரும் சிரித்தோம். நாற்பது நிமிஷம் கழித்து நலங்கு. படத்தின் அடியில் ஒரு கோடு ஓடியது, டிராக்கிங்கைத் திருப்பிச் சரி செய்தேன். ஆயா வெற்றிலை போட்ட வாயோடு முன்னால் வந்து, வெட்கப்பட்டு முந்தானையால் முகத்தை மறைத்து, பிறகு பாடினார். முழுசாய் இரண்டு நிமிஷம்கூட இல்லை. நடுவில் குரல் கொஞ்சம் அலைந்தது. அம்மா டி.வி. பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்ததும் திரும்பிப் போடச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அதே பாட்டை அவர் முணுமுணுப்பது கேட்டது. எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அந்தப் பாட்டைப் பாடி நான் கேட்டதில்லை.

எது மிஞ்சியது?

ஜி.டி. நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். அவர் செய்தவையும் சேர்த்தவையும் கோவை அவிநாசி சாலையில் உள்ள கண்காட்சியில் இருக்கின்றன. அதே அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவருடைய சவரக் கருவி இன்று கடையில் இல்லை. இரண்டாயிரம் ரூபாய்க் கார் ரோட்டில் இல்லை. 70 ரூபாய் ரேடியோவும் இல்லை. தொடர்ந்து செய்ய ஆள் இல்லாத எந்தப் பொருளும் மியூசியத்துக்குத்தான் போகும், என் டெக் மாதிரி. ஆனால் அவரும் அவர் காலத்தவரும் கோவையில் வளர்த்த பட்டறைகள் போகவில்லை. மோட்டாரும் பம்பும் அதன் வாஷரும் ஓ ரிங்கும் இன்றும் ஊர் ஊராய்ப் போகின்றன. அந்தப் பட்டறை வழக்கத்தின் சின்னஞ்சிறு ரப்பர் வளையம் ஒன்றுதான் படவேட்டில் எங்கள் ஆயாவைப் பாட வைத்தது. ஒரு பொருளைக் கண்டுபிடிப்பது பெரிது. அதைப் பழுது பார்க்கும் கைகளைத் தலைமுறை தலைமுறையாய் உண்டாக்குவது அதை விடப் பெரிது.

அப்பா இப்போது கடை வாசலில் ஒரு அட்டை தொங்கவிட்டிருக்கிறார், பழைய கேசட் பதிந்து தரப்படும் என்று. இதுவரை பதினோரு வீட்டுக் கேசட் வந்திருக்கிறது. இரண்டைக் காப்பாற்ற முடியவில்லை. ஒன்பது ஓடின.

கடைசியாக நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஊட்டி, கொடைக்கானல் என்று சண்டை போடாமல், ஒரு தடவை கோவைக்குப் போவோம். நாயுடுவின் கண்காட்சியையும் பார்ப்போம், ஒரு பம்ப் பட்டறையையும் பார்ப்போம். அதுவரை, உங்கள் வீட்டுப் பரண் மேல் ஓடாமல் கிடக்கும் ஏதாவது ஒன்றை இறக்குங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றுங்கள். கழற்றிய ஸ்க்ரூவை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்!